இன்னும் கொஞ்சம் சூடு

ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கப் புதிதாக வந்த சால்டரிங் கோலுக்கு அன்றுதான் முதல் வேலை. பக்கத்து மெஷின் செதுக்கிக் கொடுத்த சர்க்யூட் பலகையில் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு காலை நுழைத்துக்கொண்டு, தலைகீழாகக் கிடந்தது.

“அண்ணே, சீக்கிரம் ஒட்டிவிடுங்க. நானும் ஒருதரம் எரிஞ்சு பாக்கணும்.”

கோலுக்கு ஒரு பயம். தொட்டதும் பிள்ளை கருகிவிட்டால்?

“இன்னும் கொஞ்சம் சூடாகட்டும், கண்ணு.”

“போதும்டா, நுனி கறுக்குது பாரு” என்று அதட்டியது ஈயக்கம்பி.

கோல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் தொடுவது, எப்போது எடுப்பது என்று மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தபடி, தாங்கியில் சாய்ந்து காய்ந்துகொண்டே இருந்தது.

ஒருவழியாகத் துணிந்து குனிந்தபோது, சும்மா காய்ந்தே நுனி கரியாகிப் போயிருந்தது. கரியில் ஈயம் எங்கே ஒட்டும்? சேம்பிலைத் தண்ணீராக உருண்டு மேசையில் விழுந்தது. மறுபடி தொட்டது. அதுவும் உருண்டது.

பலகைக்கு அடியில் கிடந்த விளக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

“ஆச்சாண்ணே?” என்றது.

கோல் தன் நுனியைப் பார்த்தது.

“இன்னும் கொஞ்சம் சூடாகட்டும், கண்ணு.”