உவர்மேட்டில் காலை வேளை

அந்தக் காட்டில் மான்கள் உப்பு நக்க ஒரே ஓர் உவர்மேடுதான் இருந்தது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அது பெண்மான்களுக்கு மட்டும் என்பது வழக்கம். மற்ற நேரங்களில் ஆண்மான்கள் கொம்பால் முட்டித் தள்ளி இடம் பிடித்தன.

"மண் எல்லாருக்கும் பொது. உங்களுக்கு மட்டும் என்ன தனி நேரம்? நான் யாரையாவது முட்டினேனா?" என்று ஓர் ஆண்மான் அடிக்கடி சண்டைக்கு வரும்.

"இல்லை," என்று சொல்லிவிட்டு, வயிற்றில் குட்டியைச் சுமந்த ஒரு பெண்மான் நக்குவதைத் தொடரும்.

பருவம் மாறியபோது அந்த ஆண்மானின் கொம்புகள் உதிர்ந்தன. கொம்புள்ளவை அதை மேட்டுப் பக்கமே விடவில்லை. உடல் தளர்ந்துபோய், ஒரு விடியலில் அது பெண்மான்களிடம் வந்து நின்றது.

"என்ன ராஜா, தலை காலியாக இருக்கிறதே?" என்று ஒரு கிழட்டுப் பெண்மான் சிரித்தது.

"சிரித்துக்கொள் அக்கா. ஓர் ஓரம் கொடுத்தால் போதும்."

"மறுபடி முளைக்குமா?" என்று சினைமான் கேட்டது.

"முளைக்கும்." பொய் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

சினைமான் விலகி இடம் விட்டது. ஆண்மான் கண்களை மூடிக்கொண்டு ஆசைதீர நக்கியது. நிமிர்ந்தபோது, பெண்மான்கள் எல்லாம் காதுகளை விறைத்துத் தன்னையே பார்த்தபடி நிற்பதைக் கண்டது. ஒன்றுகூட நக்கியிருக்கவில்லை.

"நான் ஒன்றும் செய்யவில்லையே. ஏன் இப்படி நிற்கிறீர்கள்?"

"பழகிவிட்டது," என்றது சினைமான்.

வெயில் ஏறிவிட்டது. கீழே மற்ற ஆண்மான்களின் கொம்புகள் புதரில் உரசும் சத்தம் கேட்டது. நாக்கில் உப்புப் படாமலே பெண்மான்கள் கலைந்தன.