பூங்கோதையின் ஒன்பது மணி

சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். புதுக் கடிகாரத்தில் அதை ஆளுக்கேற்றபடி வைக்கலாம். யார் பார்க்கிறார்களோ அவர்களுக்கென்று வைத்த நேரத்தைக் காட்டும். அவர்களுடைய கைபேசியும் அதற்கு ஒத்து ஊதும்.

ஆபீசுக்கு டிபன் பாக்ஸ் தாமதமாகிறதென்று கனகசபை, மனைவி பூங்கோதையின் காலையைக் கொஞ்சம் முன்னே தள்ளினார். பாத்திரமெல்லாம் கழுவி முடியட்டுமென்று இரவைக் கொஞ்சம் பின்னே இழுத்தார். கேட்பாரில்லை என்றதும் மாதாமாதம் இன்னும் கொஞ்சம்.

நேரத்தைச் சரிபார்க்க ஆண்டுக்கொருமுறை வரும் ரெஜினா, அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டாள். அவர் தலையைத் துவட்டியபடி கூடத்துக்கு ஓடிவருவதற்குள் பூங்கோதையைக் கடிகாரத்தின் முன் நிறுத்தியிருந்தாள்.

"அக்கா, உங்க நேரம் சரியில்லையே. விடிகாலைல ஒரு மணி நேரம் முன்னால ஓடுது, ராத்திரி ஒரு மணி நேரம் பின்னால நிக்குது. நீங்களா வச்சீங்க?"

பூங்கோதை கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதான் ஒன்பது மணிக்கே எனக்குக் கண்ணு சொக்குதா?"

அலமாரியிலிருந்து சத்து மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். எப்போதும் அசதியாக இருக்கிறதென்று அவள் சொன்னபோது, டாக்டரிடம் கூட்டிப்போய் அவரே வாங்கித் தந்தது.

"அப்போ எனக்கு நோய் ஒண்ணும் இல்லைங்களா?"

எத்தனை நாள் பயந்துகிடந்தாளோ, அவள் சிரித்தேவிட்டாள். கனகசபை துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.