கடைசி இரண்டு நிமிடம்

கணக்கு வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னம் பற்றி அவரே எடுத்து, வகுப்பு வலைப்பூவில் போட்ட வீடியோவை முப்பது பிள்ளைகள் வீட்டில் இருநூறு தடவை பார்த்திருந்தார்கள்.

"அதுவும் கடைசி ரெண்டு நிமிஷத்தையே திரும்பத் திரும்ப!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அப்படி என்னங்க இருக்கு அதுல?"

"பாடச் சுருக்கம். அதை என்னை மாதிரி சொல்ல ஆள் ஏது?"

ஓடவிட்டார். வீடியோவில் சுருக்கத்தை முடித்து, வணக்கம் சொல்லி, எழுந்து போனார். அணைக்க மறந்த கேமரா மட்டும் நிற்கவில்லை. காலி நாற்காலிக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"கேக்கை நாலா வெட்டினேன். எனக்கு ஒரு கால், பொண்ணுக்கு ஒரு கால். உங்களுக்கு மட்டும் ரெண்டு காலா? ரெண்டு கால் சேந்தா அரைன்னு எனக்குத் தெரியாதா? பாதிக் கேக்கை முழுங்கிட்டுப் பின்னம் நடத்த வந்துட்டாரு!"

வீடியோவுக்குக் கீழே ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'சார், அந்த மிஸ் சொன்னப்பதான் பின்னம் புரிஞ்சுது.' அதற்கும் கீழே வரிசையாக, 'எனக்கும் சார்', 'எனக்கும் சார்'.

அவசரமாக அழிக்கப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் தலைமுடியைச் சரிசெய்தபடி கேட்டாள்:

"அடுத்த பாடம் என்னங்க?"