அனோ

மூன்றாவது பியர்க்கடையிலும் அனோஜன் இல்லை.

என் மனைவி டெல்சியோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிற ஜேர்மன் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் கணவன்மார் இருந்தார்கள். வழிகாட்டி பாவெல், டெல்சி, நான். அவ்வளவுதான்.

முதல் கடையிலேயே நிற்பான் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது கடையில் கழிவறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அனோஜன் எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் கீபோர்ட் வாசிப்பவன். தலைமயிரை ஒரு பக்கம் மழித்து, மறுபக்கத்தை நெற்றியில் விழவிட்டிருப்பான். பாடகர் குழுவில் எல்லோருக்கும் அவன் அனோ. டெல்சி தனியாகப் பாடுகிற பாட்டு வந்தால் அவன் விரல்களுக்கு எங்கிருந்தோ ஒரு பக்தி வந்துவிடும்.

ஒரு மாதமாக டெல்சி சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கைபேசியோடு பால்கனிக்குப் போகிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் முணுமுணுப்பு. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருப்பாள், பிறகு மெல்லச் சொல்வாள். அனோ. இன்னும் கொஞ்சம் கேட்பாள். அனோ, அனோ. பிறகு ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கலியாணம் முடித்த புதிதில் நான் கேட்டிருக்கிறேன்.

யாரென்று கேட்டால் வேலையிடத்து ஆட்கள் என்பாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நாகரிகமான சொல் என்னிடம் இல்லை. பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நானும் வாசித்துப் பழக ஒரு பழைய கீபோர்டைக்கூட வாங்கிவந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்று டெல்சி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அப்போதுதான் இந்த வேலையிடத்துச் சுற்றுலா வந்தது. மற்றவர்கள் போலிங் விளையாடப் போகலாம் என்றார்களாம். டெல்சிதான் இதைத் தேடிப் பிடித்தாள். நொய்கெல்ன் பகுதியில் செக் நாட்டவரின் பழைய பொஹேமியக் குடியிருப்பைச் சுற்றி நடப்பது, செக் பியர் ஊற்றுகிற பழைய கடைகளில் ஏறி இறங்கிச் சுவை பார்ப்பது. பியர் மணம் வந்தாலே மூக்கைப் பொத்துகிறவள்.

"நீங்கள் ஏனப்பா வாறியள்? உங்களுக்கு பியர் ஒத்துவராதெல்லோ" என்றாள்.

அதைக் கேட்டதும் நான் சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.

பாவெலுக்கு ஐம்பது வயது இருக்கும். வழுக்கை, தொந்தி, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. அவனை நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு வருடங்களுக்கு முன், மதத்துக்காக ஊரைவிட்டு ஓடிவந்த அவன் நாட்டுக்காரருக்கு அரசன் இங்கே வீடும் காணியும் கொடுத்தானாம். எனக்கு இந்த நாட்டில் முதலில் கிடைத்தது அகதி முகாமில் ஒரு மேல்தட்டுக் கட்டில். வேறு நாளென்றால் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அன்று என் கண் முழுக்கத் தெருமுனைகளில் இருந்தது.

மூன்றாவது கடையில் பாவெல் நுரையைப் பற்றி விளக்கினான். ஒரே பியரை மூன்று விதமாக ஊற்றலாமாம். மேலே கொஞ்சம் நுரை, பாதி நுரை, முழுக்க நுரை. கடைசிக்குப் பால் என்று பெயர்.

ஒவ்வொருவரிடமும் எது வேண்டுமென்று கேட்டான். டெல்சியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் பால் வந்தது. குடித்துப் பழகாதவளுக்கு எது ஒத்துவரும் என்று தொழில்காரனுக்குத் தெரியும்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு மேலுதட்டைத் துடைத்தாள்.

கோப்பைகள் காலியானதும் பாவெல் செக் மொழியில் என்னவோ கேட்டான். அதை ஜேர்மனில் சொல்ல அவன் வாயெடுக்கும் முன்னே டெல்சி சொன்னாள்.

"அனோ."

பால்கனியில் கேட்ட அதே மெல்லிய குரல்.

நான் கதவுப் பக்கம் திரும்பிய வேகத்தில் என் மிச்சப் பியர் மடியில் கொட்டியது. கதவில் அனோஜன் இல்லை. ஒரு கிழவரும் அவருடைய நாயும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

பெண்கள் சிரித்தார்கள். பாவெல் முகம் சிவந்துபோய் விளக்கினான். இன்னொன்று வேண்டுமா என்றுதான் கேட்டானாம். செக்கில் அனோ என்றால் ஆம்.

ஆம். எங்களுடைய ஓம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. வெறும் ஓர் ஓமை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அந்தப் பாவப்பட்ட பெடியனை முறைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அவனைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லவேண்டும். நனைந்த காற்சட்டை குளிர்ந்தது. அதுகூட நன்றாக இருந்தது.

"என்னப்பா, தனியச் சிரிக்கிறியள்?"

டெல்சி காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். பிறகு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

அடுத்த சுற்று வந்தது. பாவெல் மறுபடியும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு வைத்தான். டெல்சிக்கு முன்னால் கேட்காமலே வைத்தான். முழுக்க நுரை.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பதில் சொன்னபோது அவன் கேள்வியை ஜேர்மனில் சொல்லியிருக்கவே இல்லை. அவளுக்கு அது விளங்கியிருந்தது.

ஒரு மாதமாக, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, என் மனைவி பால்கனியில் நின்று இவனுக்கு ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் மறுபடியும் கதவைப் பார்த்தேன். அனோஜன் எப்படியாவது உள்ளே வந்துவிட மாட்டானா என்றிருந்தது.