காணாமல் போன பருப்பு

"உங்க ஓட்டல் பேரு ஓசூர் வரைக்கும் ஓடுதுங்கண்ணா" என்று பஸ் கண்டக்டர் தர்மன் சொன்னபோது சவரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடுவது ஒரு லாரியின் முதுகில் என்று தெரிந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

லாரி சர்தார் பாயுடையது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் அவரே ஓட்டும் சொந்த வண்டி. பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்பதற்குக் கீழே யாரோ பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

'காணவில்லை. தொப்பூர் சவரி ஓட்டல் சாம்பாரில் பருப்பு. கண்டவர்கள் தகவல் தரவும்.'

பத்து வருஷமாக வாரம் இரண்டு தடவை உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன் செய்கிற வேலையா இது? லாரிக்காரர்களை நம்பித்தான் அந்த ஓட்டல். அவர்கள் நிறுத்தாமல் போனால் அடுப்பை அணைத்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

பருப்பை அளந்து கொடுப்பவன் சவரி. அதை வைத்து அத்தனை பேருக்கும் சமாளிப்பவள் அவன் பெண்டாட்டி ராஜமேரி. இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போடலாங்க என்று அவள் சொல்லும்போதெல்லாம், உனக்கு யாவாரம் தெரியாது என்று வாயை அடைத்துவிடுவான்.

அடுத்த நடைக்கு வந்த சர்தார் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினார். கையில் பெயிண்ட் டப்பா இருந்தது.

"அழிச்சிடறனுங்க மொதலாளி."

"கை வெச்சுப் பாரு பாய். அது சாட்சி."

சவரி நேரே தர்மபுரிக்குப் போய் வக்கீல் ராஜாமணியைப் பிடித்தான். 1985 தை மாதம் மானநஷ்ட வழக்குப் பதிவானது. வக்கீல் சும்மா இருப்பாரா? கேஸ் முடிகிற வரைக்கும் அந்த எழுத்தை எதிரி அழிக்கக் கூடாது என்று தனியாக ஒரு மனுவும் போட்டார். ஒரு போட்டோ எடுத்தால் போதாதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுப் பார்த்தார். அசல்தான் வேண்டும் என்று இவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். உத்தரவு கிடைத்தது. சவரி அன்றைக்குக் கோர்ட் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

அப்புறம்தான் கூத்து. அந்த எழுத்தைப் பத்திரமாக வைத்திருப்பது சர்தாரின் கடமையாகிவிட்டது. சேறு படிந்தால் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றினார். வாய்தாவுக்கு வாய்தா லாரியையும் கொண்டுவந்து கோர்ட் வாசலில் நிறுத்த வேண்டும். வரப்புத் தகராறுக்கு வந்தவர்கள், ஜாமீனுக்கு வந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். காரிமங்கலம் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் சவரியை நிறுத்தி, பருப்புக் கெடச்சுதுங்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

சர்தார் பாடும் திண்டாட்டம்தான். வாய்தா நாளில் வண்டி ஓடாது. தோற்றால் ஜெயில்கூட உண்டு என்று அவருடைய வக்கீலே பயமுறுத்தியிருந்தார். நீதான் எழுதினாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"என் வண்டியில இருக்குதுங்க. என் பொறுப்புதானுங்க."

திமிரைப் பார் என்று சவரி பல்லைக் கடித்தான்.

சாம்பார் நல்ல சாம்பார் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார் ராஜாமணி. வேறு வழியில்லாமல் சவரி பருப்பை இரண்டு மடங்காக்கினான். எழுத்தைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்ற லாரிக்காரர்கள்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். பழைய வாடிக்கைக்காரரான மாரண்டஹள்ளி தக்காளி வியாபாரி பச்சியப்பனைக் கூண்டில் ஏற்றினார்கள்.

சாம்பார் எப்படி என்று ராஜாமணி கேட்டார். அருமை என்றார் பச்சியப்பன். சவரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார். "எத்தனை நாளாக அருமை?"

பச்சியப்பன் தயங்கினார். சத்தியம் பண்ணிவிட்டு ஏறியிருக்கிறாரே.

"கேசு போட்டதிலிருந்துங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி அதுல கை கழுவிட்டுத்தானுங்க சாப்பிட உக்காருவோம்."

மாஜிஸ்ட்ரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பிட வருகிறவர்களின் நன்மைக்காக உண்மையைச் சொன்னது அவதூறு ஆகாது என்று அடுத்த வாய்தாவில் கேஸைத் தள்ளுபடி செய்தார். ஒன்றேகால் வருஷம் இழுத்த கேஸ் அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே சர்தார் லாரிக்குப் பின்னால் நின்று பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். சவரிக்கு மனசு ஆறவில்லை. கிட்டே போனான்.

"பத்து வருசமா என் கையால சோறு போட்டேனே பாய். எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டனா? ஊரெல்லாம் எழுதிக்கிட்டுத் திரியணுமா?"

சர்தார் பிரஷ்ஷை எடுத்துப் பெயிண்டில் நனைத்தார்.

தீர்ப்புக் கேட்க வந்திருந்த ராஜமேரி அதுவரைக்கும் ஓரமாகத்தான் நின்றிருந்தாள். முன்னால் வந்து அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

"எனக்காக நீங்க கோர்ட்டுப் படி ஏறினது போதுங்கண்ணா. அன்னிக்கு நம்ம ஓட்டல் மரத்தடியில நீங்க தூங்கறப்ப எழுதுனது நானு. நானே அழிச்சிடறேன்."