வாசல் லாடம்

ஆணி வருவதாக இல்லை.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி நின்று, அவன் குறடால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வாசல் நிலைக்கு மேலே லாடம் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதன் வளைவுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த மனைவி அமலி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

அவனாகத்தான் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். கீழே பாதையில் நிற்கிற காரில் வந்திருப்பவர் திருப்பூர்க்காரர். மகளுக்கு ரத்தத்தில் நோய். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்களாம். கொடைக்கானல் பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டிருக்கிறாள், கூட்டி வந்திருக்கிறார். குதிரை லாடத்தை வாசலில் மாட்டினால் கண்டம் விலகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் வாங்கியது ஆகாது. குதிரைக் காலில் கிடந்து தேய்ந்ததாக இருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். யாரிடமும் இல்லை. லாடம் கழற்றினால் அன்றைக்கே யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுகிறார்கள்.

அவனிடம் வந்து கேட்டபோது, வீட்டில் ஒன்று கிடக்கிறது என்று வாய் சொல்லிவிட்டது.

ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. காருக்குள்ளிருந்து, கம்பளிக் குல்லா போட்ட சிறுமி அவன் குதிரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அமலி பாதையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

இந்த வாசலில் லாடம் ஏறியதும் ஒரு காய்ச்சலுக்காகத்தான்.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. விட்டு விட்டு அடித்த காய்ச்சல். மாட்டிப் பார்ப்போமே என்று அமலிதான் கேட்டாள். அவன் தன் குதிரையின் முன்னங்காலில் தேய்ந்திருந்ததைக் கழற்றி, வாய் மேலே பார்க்கும்படி வைத்து அடித்தான். கவிழ்த்து அடித்தால் அதிர்ஷ்டம் சிந்திவிடும் என்பார்கள்.

அந்த மழைக்காலம் முடியுமுன் பிள்ளை போய்விட்டாள்.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறங்கும்போது, பாதி மலையில், அமலியின் மடியில்.

அடக்கம் முடித்து வீடு திரும்பியதும் அவன் லாடத்தைப் பிடுங்கக் கையை உயர்த்தினான்.

“இருக்கட்டும்” என்றாள் அமலி.

அதோடு சரி. ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். நிலை அவ்வளவு தாழ்வானது ஒன்றும் இல்லை.

மகளின் பெயரை இருவரும் உச்சரிப்பதில்லை. பழகிவிட்டது.

ஆணி முனகிக்கொண்டு வெளியே வந்தது. லாடம் அவன் கையில் விழுந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

தரமாட்டேன் என்று அமலி சொல்லிவிட்டால் கீழே போய் அந்த மனிதரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வாளியிலிருந்து இறங்கினான்.

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிற சத்தம். நெடுநேரம் தேய்த்தாள். குளவிக் கூட்டின் மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், அவனிடம் கொடுக்காமல் தானே பாதைக்கு இறங்கினாள். அவன் பின்னால் போனான்.

திருப்பூர்க்காரர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்கினார். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

வாய் மேலே பார்க்க வேண்டும், நிலைக்கு நேர் நடுவில் அடிக்க வேண்டும் என்று அமலி அவருக்கு விளக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பணம் எடுக்கப் போனவரை, இதற்கெல்லாம் வாங்கக் கூடாது என்று தடுத்தாள்.

கார்க் கதவைத் திறக்கப் போனவர் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது.

“உங்களுக்கு இது நல்லது செஞ்சுதுங்களா?”

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

“செஞ்சுச்சுங்க” என்றாள் அமலி. “எம் மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். அதுக்குத்தான் மாட்டுனோம். இப்ப ஏழாவது படிக்கிறா.”

ஏழாவது.

அவன் மனதுக்குள் இரண்டாம் வகுப்போடு போன ஐந்து வருடங்களையும் கூட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் அமலி அவளை அடுத்த வகுப்பில் சேர்த்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவனுக்கு அது தெரியவில்லை.

திருப்பூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காரின் பின்பக்க ஜன்னல் கண்ணாடி இறங்கியது. குல்லாவுக்குள் இருந்த முகம் மிகச் சிறியதாக இருந்தது.

“அந்த அக்கா எங்க?”

“பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா, கண்ணு.”

“பேரென்ன?”

அமலியின் உதடு ஒரு தரம் அசைந்து நின்றது. பிறகு சொன்னாள்.

“பிரின்சி.”

அவன் காதில் அந்தப் பெயர் விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சிறுமி இன்னும் காத்திருந்தாள். அந்த அக்காவைப் பற்றி வேறு ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அமலி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

அவன் ஓர் அடி முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“நல்லா பாடுவா” என்றான்.