நாலு மணிச் சத்தம்

"நாலு மணிக்கு அந்த ரூமுக்குள்ள சத்தம் கேக்கோணுமுங்க தம்பி. அதுக்குள்ள எப்பிடியாச்சும் சரி பண்ணிக் குடுத்துருங்க."

வனிதா துணிப்பையிலிருந்து அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை எடுத்து வைத்ததும் பெனிஸுக்குக் கை ஓடவில்லை. பிக்கட்டி பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெனிஸ்தான், நான்கு வருடத்துக்கு முன் அதில் சிப் பற்றவைத்து, சிடி இல்லாமலே விளையாடும்படி உள்ளே ஹார்ட் டிஸ்க் பொருத்திக் கொடுத்தவன். அதை ஆசையாக வாங்கிப்போன அவள் மகன் கமலேஷ், பிளஸ் டூ படிக்கும்போது, போன ஐப்பசி மூடுபனியில் பைக் சறுக்கி இறந்துபோனான்.

"இத இப்ப யாருக்கா வெளையாடறாங்க?"

"அவன் ரூமு சாத்தித்தானுங்க கெடக்கும். நான் அடுப்படியில இருப்பேன். நாலு மணியாச்சுன்னா உள்ள காரு ஓடற சத்தம் கேக்குமுங்க. ஞாயித்துக்கெழமைன்னா காலையில இருந்தே கேக்கும்."

பெனிஸுக்கு ஈரக்குலை நடுங்கியது. நாலு மணி என்றால் பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை லீவு. செத்தும் டைம் டேபிள் தப்பாமல் வருகிறானே, கர்த்தரே!

"அண்ணனுக்கும் கேக்குதாக்கா?"

"அவருக்கு ஒண்ணுமே கேக்கலீங்களாமா."

கேட்டிருந்தால் பெட்டி இந்நேரம் சுக்குநூறாகியிருக்கும். அவள் புருஷன் வேலுசாமி டீ ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவர். மகன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கி வாசலில் எறிந்த ஆள். சாவு வீட்டில்கூட, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றவர்.

"நாலு நாளாச் சத்தமே இல்லீங்க தம்பி. ஊட்டுல யாருக்கும் சோறு எறங்குல" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெனிஸ் பிளக்கைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது, கம்பெனி லோகோ வந்தது, அப்புறம் திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று தடவை போட்டும் அதே கதைதான்.

கரண்டில் குறையில்லை. பின்பக்கமாக ஹார்ட் டிஸ்கை உருவிக் கம்ப்யூட்டரில் மாட்டினான்; அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே திறந்து பார்த்தவனுக்கு முதுகு சில்லிட்டது. கமலேஷ் பெயரில் கடைசி ஆட்டம், போன வியாழக்கிழமை, மாலை நாலு ஐம்பது.

இன்னொன்றும் இடித்தது. உயிரோடு இருந்தவரை எல்லாப் பந்தயத்திலும் முதலாவதாக வந்தவன் கமலேஷ். இந்த ஒரு வருடமாகவோ, தினமும் அதே முதல் பந்தயம், தினமும் கடைசி இடம். செத்துப்போனால் கார் ஓட்டக்கூடவா மறந்துபோகும்?

மூடியைக் கழற்றினான். இந்த மலையில் ஒரு மாதம் சும்மா வைத்த செருப்பே பூஞ்சணம் பூத்துவிடும். இதற்குள் பேருக்குக்கூடப் பூஞ்சணம் இல்லை. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் ஓரிடத்தில் சூட்டில் நெளிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, சிப்பின் வயர்களைப் பிடித்திருந்த பசை உருகி, ஒரு வயரைக் கழற்றிவிட்டிருந்தது.

"அக்கா, இத அலமாரியில குண்டு பல்பு போட்டு வெச்சிருக்கீங்களா?"

வனிதா குனிந்து துணிப்பையை மடிக்க ஆரம்பித்தாள். ஈரம் ஏறாமலிருக்கத் துணி அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். துணிக்குச் சரி. விளையாட்டுப் பெட்டிக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பல்பு போட்டது யார்? ஆவிக்கு எதற்குப் பூஞ்சணப் பயம்?

உள்ளே இருந்த விசிறியை ஊதினான். கறுப்பாகத் தூள் பறந்தது. தேயிலைத்தூள். டிரையர் பக்கம் நிற்பவர்களின் சட்டையெல்லாம் படிந்து வீடுவரைக்கும் வருகிற அதே தூள். ஃபேக்டரியில் மூன்றரைக்கு ஷிஃப்ட் முடியும், ஞாயிறு அங்கேயும் லீவு என்பதெல்லாம் அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது.

வயரைப் பற்றவைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் கார்கள் உறுமிக்கொண்டு வந்து நின்றன. அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

சொல்வதா, விடுவதா? மகன் வந்துபோகிறான் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவனை இரண்டாம் தடவை சாகடித்த பாவம் வரும். சொல்லாவிட்டால், பெற்றவளை இப்படிப் பேய்ச் சத்தம் கேட்கவிட்டு வேடிக்கை பார்க்கிற அந்த மனுஷனுக்கு உடந்தை. அவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வர்றது கமலேஷ் இல்ல. அண்ணந்தான் உக்காந்து வெளையாடறாரு. வாங்க, நானும் கூட வர்றேன். ரெண்டு பேருமாப் போயி அவருகிட்டயே கேட்டுருவோம்."

வனிதா பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாத்தானுங்க தம்பி, அந்த மனுசன் அந்தக் காரு சத்தத்துக்குள்ள அழுவாரு."